சபராளியின் பங்கு

சம்பாத்தியத்திற்காக வெளிநாடு புறப்படுகிறவர், விமானம் ஏறுவதற்கு முந்திய நாளில் குடும்பத்தாருடன் பள்ளிவாசலுக்கு வந்து துஆச் செய்யச் சொல்லிப் போவது நமது பகுதியில் நெடுங்கால வழக்கம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்கள் காலத்தில் தொடங்கியது; 1970களில் அரபு நாடுகளுக்கு வழி திறந்த பிறகு பெருகிற்று. சபர் போகிறவருக்காகத் துஆச் செய்வது நல்ல காரியந்தான். ஆனால் 2023ஆம் ஆண்டில் அப்படி ஒரு குடும்பம் நம்மிடம் வந்தபோது, துஆவுக்குக் கையேந்துமுன் வேறொரு காரியம் செய்யவேண்டியதாயிற்று. அதைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

வந்தவர்கள் மூவர். இருபத்திரண்டு வயதுப் பையன், அவனுடைய அத்தா, அம்மா. சவூதியில் ஒரு கிடங்கு வேலை. மாதச் சம்பளம் 1,500 ரியால். தங்குமிடம் கம்பெனியைச் சேர்ந்தது. சாப்பாடு சொந்தச் செலவு. ரியாலுக்கு 22 ரூபாய் என்று பெருக்கி, 33,000 ரூபாய்க்கு அத்தா ஒரு தாளில் கணக்கெழுதி வைத்திருந்தார். விசாவுக்கும் டிக்கட்டுக்கும் வாங்கிய 1,20,000 ரூபாய் கடனுக்கு மாதம் 12,000. குமர் காரியத்துக்காகச் சீட்டு 10,000. வீட்டுச் செலவு 8,000. தம்பியின் கல்லூரிக்கு 3,000. கூட்டினால் 33,000 சரியாக வருகிறது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இதுல பரக்கத் வரணும்னு துஆச் செய்யுங்க ஹஜ்ரத்" என்றார் அந்த அம்மா.

தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தோம். "கணக்கு சரியாத்தான் இருக்கு பாய். தம்பி அங்கே என்னத்தைச் சாப்பிடுவான்?" என்று கேட்டோம்.

அத்தா சிரித்தார். "அவன் எப்படியும் சமாளிச்சுக்குவான் ஹஜ்ரத். நாலு பேரோட இருக்கான். நாமளா சாப்பாட்டுக்குக் கணக்குப் போடுறது?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். குடும்பத்துக்காகத்தான் போகிறோம், நம் வயிறு நம் பாடு என்று எண்ணியிருப்பான்.

அவர்கள் கெட்ட மனிதர்களல்லர். மகனைப் பட்டினி போடவேண்டும் என்று எந்தப் பெற்றோரும் நினைப்பதில்லை. ஆயினும் சபராளி வீடுகள் பலவற்றில் போடப்படும் கணக்கு இந்தத் தாளைப் போன்றதே. சம்பளம் முழுவதும் வீட்டுக்குரியது. சம்பாதிக்கிறவன் உண்பது அதிலிருந்து அவன் எடுத்துக்கொள்ளும் சலுகை. அதை அவன் எவ்வளவு குறைக்கிறானோ அவ்வளவு நல்ல பிள்ளை. இந்த எண்ணம் சரிதானா?

ஷரீஅத்தின் சட்ட நூல்களில் நஃபகா, அதாவது வாழ்க்கைச் செலவு பற்றிய பாடம் பெரியது. மனைவி, மக்கள், இயலாத பெற்றோர் ஆகியோருக்கு ஒருவன் செய்யவேண்டிய செலவு அங்கே விரிவாகப் பேசப்படுகிறது. மேடைகளில் நாமும் அதைத்தான் பேசுகிறோம். ஆனால் அந்த வரிசை எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அது அந்த மனிதனிலிருந்தே தொடங்குகிறது.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் ஷரீபில் பதிவான ஒரு செய்தி உண்டு. உத்ரா கோத்திரத்தார் ஒருவர், தம் மரணத்துக்குப் பின் தம் அடிமை விடுதலையாவான் என்று அறிவித்துவிட்டார். நன்மையை நாடிச் செய்தார். செய்தி ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களுக்கு எட்டிற்று. இதைத் தவிர உமக்கு வேறு சொத்து உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றார். உடனே அந்த அடிமையை விலை கேட்கச் செய்தார்கள். நுஐம் பின் அப்தில்லாஹ் என்பவர் 800 திர்ஹத்துக்கு வாங்கினார். அந்தப் பணத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அம்மனிதரின் கையிலேயே கொடுத்து, முதலில் உமக்கே செலவு செய்துகொள்ளும், மிஞ்சினால் மனைவி மக்களுக்கு, அதிலும் மிஞ்சினால் உறவினருக்கு, அதற்கப்பால் மற்றவர்களுக்கு என்று வரிசை சொல்லிக் கொடுத்தார்கள். அடிமையை உரிமையிடுவது இஸ்லாத்தில் எவ்வளவு பெரிய நன்மை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு பெரிய நன்மையையே நிறுத்தி, முதலில் உன் தேவையைப் பார் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் தன் உணவு என்பது மனிதன் தனக்குத்தானே காட்டிக்கொள்ளும் தயவு அன்று; அவன்மீது முதலில் விழும் கடமை அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தமக்குத் தேவையிருந்தும் பிறரை முற்படுத்தியவர்களைக் குர்ஆன் ஷரீப் புகழ்கிறதே? விளக்கை அணைத்துவிட்டு விருந்தாளியை உண்ண வைத்து, தாமும் மனைவியும் பசியோடு படுத்த அன்ஸாரி ஸஹாபியின் சம்பவத்தைக் குழந்தைகள்கூட மக்தபில் ஓதுகிறார்களே? ஈஸார் என்னும் அந்தத் தியாகத்தைத்தானே இந்தப் பையனும் செய்யப் போகிறான்?

இந்தச் சம்பவத்துக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதிய விளக்கத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். அன்றிரவு அந்த வீட்டுக் குழந்தைகளும் உண்ணாமல் தூங்க வைக்கப்பட்டார்கள் அல்லவா? அது எப்படிக் கூடும் என்பதற்கு இமாமவர்கள் பதில் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகள் தீங்கு தரும் பசியில் இருக்கவில்லை, குழந்தைகள் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் பசித்திருந்தால் விருந்தாளிக்கு முன் அவர்களுக்கு ஊட்டுவதே வாஜிபாகியிருக்கும் என்கிறார்கள். கணவனும் மனைவியும் விட்டுக்கொடுத்தது தங்கள் சொந்தப் பங்கை, மனமுவந்து, ஓர் இரவு. ஈஸார் என்பதன் எல்லை இதிலிருந்தே விளங்குகிறது. ஒருவன் தன் பங்கைத் தானே எடுத்துக் கொடுக்கலாம். அவன் கொடுப்பான் என்று மற்றவர்கள் முன்கூட்டியே தாளில் எழுதிக் கூட்டிவிட முடியாது. அப்படி எழுதிவிட்டால் அது அவன் செய்த தியாகமாகாது, அவனிடம் வசூலித்ததாகும். மேலும் அது ஓர் இரவல்ல. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், பிறகு இன்னும் இரண்டு ஆண்டு.

உடம்பும் அவனுடைய தனிச் சொத்தன்று, அமானத்து. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் வற்புறுத்தி உண்ணவும் உறங்கவும் வைத்து, ரப்புக்கு ஒரு ஹக்கு, நஃப்ஸுக்கு ஒரு ஹக்கு, குடும்பத்துக்கு ஒரு ஹக்கு உண்டு என்று சொன்னதையும், ஸல்மான் சொன்னது உண்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பியதையும் புகாரி ஷரீபில் காண்கிறோம். வணக்கத்துக்காகவே உடம்பின் ஹக்கைப் பறிக்கக் கூடாதென்றால், சீட்டுப் பணத்துக்காகப் பறிக்கலாமா?

நாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது தகப்பனார் 1991 முதல் 2006 வரை தம்மாமில் வேலை பார்த்தார்கள். நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு கேஸட் வரும். வீட்டார் எல்லோரும் டேப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். ஒவ்வொரு கேஸட்டிலும், "நான் நல்லாச் சாப்பிடுறேன், நேரத்துக்குத் தூங்குறேன், நீங்க யாரும் கவலைப்படாதீங்க" என்பது தவறாமல் இருக்கும். திரும்பி வந்தபோது குடற்புண்ணோடு வந்தார்கள். அவர்களோடு ஒரே அறையில் இருந்த பக்கத்தூர்க்காரர் ஒருவர் பிறகு நம்மிடம் சொன்னார்: "ஒங்க அத்தா மத்தியானம் ஒரு வேளைதான் தம்பி. ராத்திரிக்கு ஒரு குப்பூஸைத் தண்ணியில நனைச்சுச் சாப்பிட்டுட்டுப் படுத்துருவாரு. மெஸ்ஸுல சேரச் சொன்னா, வீட்ல மாடி கட்டுறாங்கம்பாரு."

அந்த மாடியைக் கட்டித்தான் முடித்தோம். இன்றுவரை அதில் யாரும் குடியிருந்ததில்லை. மிளகாய் காயப்போட உதவுகிறது.

கேஸட்டில் அவர்கள் சொன்னது பொய்தான். வீட்டார் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய். கணவன் மனைவிக்கிடையே அன்பை வளர்ப்பதற்காகச் சொல்லும் வார்த்தைகளில் மார்க்கம் சிறிது இடம் கொடுத்திருப்பதை ஆலிம்கள் அறிவார்கள். ஆனால் ஒருவருடைய ஹக்கு வீணாகும் விதமாக அந்தச் சலுகையைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நமது தகப்பனாரின் பொய்யை நம்பி நாங்கள் கணக்குப் போட்டோம். உண்மை தெரிந்திருந்தால் நமது தாயார் அந்த மாடிக்கு ஒரு செங்கல்லும் வாங்கியிருக்க மாட்டார்கள். நன்மையை நினைத்து வாயை மூடிக்கொண்டவர், வீட்டார் தம்மை நேசிப்பதற்கிருந்த ஒரு வாய்ப்பையும் மூடிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக!

சிலர் சொல்வார்கள்: "ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். போகுமுன்னே ரியாலும் ஹலாலாவும் எண்ணிக்கொண்டிருப்பது தவக்குலுக்கு விரோதம்" என்று. யமன் நாட்டார் சிலரும் இப்படித்தான் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். நாங்கள் தவக்குல் உடையவர்கள் என்றார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். இவர்கள் விஷயத்தில்தான், பயண உணவை எடுத்துக்கொள்ளுங்கள் என்னும் கட்டளை இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஹஜ் கடமையாவதற்கான சக்தியைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் சொல்வதைப் பாருங்கள். போகவும் வரவும் வாகனம், வழிச்செலவு, அங்கே தங்கும் நாட்களின் உணவு, அதற்குமேல் திரும்பி வரும்வரை வீட்டில் இருப்போருக்கான செலவு. இவ்வளவும் கையில் இல்லாதவன்மீது ஹஜ்ஜே கடமையில்லை. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போவதற்கே இருபுறத்துக் கணக்கும் கேட்கப்படுகிறது. கிடங்கில் மூட்டை அடுக்கப் போகிறவனுக்கு ஒருபுறத்துக் கணக்கு மட்டும் போதுமா?

இனி உலகக் கணக்குக்கு வருவோம். பிழை பெரும்பாலும் பெருக்கலில் தொடங்குகிறது. வீட்டில் இருப்பவர்கள் சம்பளத்தை 22ஆல் பெருக்கி மகிழ்கிறார்கள். அங்கே போனவன் சாப்பாட்டு விலையை 22ஆல் பெருக்கி நடுங்குகிறான். பத்து ரியால் சாப்பாட்டைப் பார்த்து, "220 ரூபாயா! ஊரில் ஒரு வீடே சாப்பிடுமே!" என்று திரும்பி வருகிறான். இரண்டு பெருக்கலும் தவறு. சம்பாதிக்கும் நாணயத்திலேயே செலவையும் எண்ணி, மிஞ்சியதை மட்டுமே ரூபாயாக்க வேண்டும். ஊருக்கு அனுப்பக்கூடியது அந்த மிச்சந்தான். சம்பளத்தைப் பெருக்கி வரும் தொகை வெறும் கானல்.

அங்கே இருந்து வந்தவர்களிடம் நாம் விசாரித்தவரை, நால்வர் சேர்ந்து சமைத்தாலும் ஆளுக்கு மாதம் 300 ரியாலுக்குக் குறையாது. 350 என்று வைத்துக்கொள்வதே நல்லது. சவூதியில் 2018 ஜனவரியில் 5 சதவிகிதமாக வந்த மதிப்புக் கூட்டு வரி 2020 ஜூலையில் 15 சதவிகிதமாயிற்று. அது அரிசி பருப்பையும் விட்டுவைக்கவில்லை. போன், சோப்பு, முடிவெட்டு, தலைவலி மாத்திரை, பணம் அனுப்பும் கூலி என்று சில்லறையாகப் போவது 150ஆவது ஆகும். முதல் சம்பளம் போன மாதமே கைக்கு வந்துவிடாது. இகாமா வரவேண்டும், வங்கிக் கணக்கு திறக்கவேண்டும். அதுவரை உண்பதற்கு ஊரிலிருந்தே கொஞ்சம் ரியால் எடுத்துப் போகாதவன், போன முதல் வாரத்திலேயே அறைத்தோழனிடம் கடன்பட்டுவிடுகிறான். அந்த யமன் ஹாஜிகளின் கதைதான்.

குடும்பத்தை உடன் அழைத்துப் போக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 2017 ஜூலையில் சவூதி அரசு, வெளிநாட்டார் உடன் வைத்திருக்கும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020ல் 400 ஆயிற்று. மனைவியும் இரண்டு மக்களும் என்றால் மாதம் 1,200. நமது பையனின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு! அந்த ஆண்டுகளில் எத்தனையோ வீட்டார் சாமான்களை விற்றுவிட்டு ஊர் திரும்பியதை நாம் அறிவோம்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடனை நிறைவேற்றுவது முந்தியது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் கடனில் முழுகிய ஒருவனின் சொத்தைக் காஜி பங்கிடும்போதுகூட, அவனுடைய உணவையும் உடையையும் ஒதுக்கிவிட்டே கடன்காரர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபு நூல்களிலும் உள்ளது. காஜி விட்டுவைக்கும் சோற்றை அத்தா விட்டுவைக்கவில்லையென்றால் என்ன சொல்வது? அதிருக்கட்டும், அந்தக் கடன் இவ்வளவு பெருகியதே முதல் அக்கிரமம். நமது நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜண்டு வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாயும் அதற்கான வரியுந்தான். வேலைக்கு வரவழைக்கும் செலவும் இகாமாக் கட்டணமும் முதலாளியைச் சேர்ந்தவை என்று சவூதித் தொழிற் சட்டமும் சொல்கிறது. விசாவை விலைபேசி விற்கிறவர்கள் நமது ஊர்களில் தொப்பி போட்டுக்கொண்டு முதல் ஸஃப்பில் நிற்பதுண்டு. அவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நீதி செய்தவராக மாட்டோம். தன் பங்கு என்ற பெயரில் அங்கே ஆண்டுக்கொரு போன் மாற்றி, வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரைகுறையாக அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தாம் உணவளிக்கவேண்டியவர்களைக் கைவிடுவதே ஒருவனுக்குப் போதுமான பாவம் என்று ஹதீஸில் வந்திருப்பது இவர்களுக்குத்தான். நாம் சொல்லும் பங்கு நடுத்தரமான உணவு, மருந்து, உறக்கம். அதற்கு மேல் எடுப்பது வேறு. இன்னொன்று: அனுப்பும் பணம் அத்தா பெயருக்கு வந்து, அதில் மனைவி ஒரு சோப்புக்கட்டிக்கும் மாமியார் முகத்தைப் பார்த்து நிற்கும் வீடுகள் உண்டு. மனைவியின் நஃபகா அவளுடைய ஹக்கு. அவள் கையில் சேரவேண்டும். அபூஸுஃப்யான் (ரலி) போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, உனக்கும் பிள்ளைக்கும் நியாயமான அளவு போதுமானதை நீயே எடுத்துக்கொள் என்று அனுமதி கொடுத்த மார்க்கம் இது. கணக்குப் போடும்போது அவளும் உட்காரவேண்டும்.

அன்று அந்தத் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் மறுபடி எழுதினோம். 1,500 ரியாலில் சாப்பாடு 350, சில்லறை 150. அவன் கையிலேயே இருக்க 100. அது எதற்கு என்றார் அத்தா. 1990ல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட நம் நாட்டவர் உடுத்த துணியோடு அம்மான் வழியாக வந்ததையும், 2020ல் கொரோனாவில் வேலை போய் அறையில் அடைந்து கிடந்தவர்களையும் நினைவூட்டினோம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மிஞ்சியது 900 ரியால், 19,800 ரூபாய். வீட்டுக்கு 8,000, கல்லூரிக்கு 3,000, கடனுக்கு 12,000க்குப் பதில் 8,000. பத்து மாதத்தில் தீரவேண்டிய கடன் பதினைந்து மாதமாகும். 800 ரூபாய் மீதி. சீட்டுக்கு இடமில்லை.

வெகு நேரம் யாரும் பேசவில்லை. பையன்தான், "நான் ஓவர்டைம் பார்க்கிறேன் அத்தா" என்றான். இன்னும் கிடைக்காத ஓவர்டைமை எழுதவேண்டாம் என்றோம்.

"மாப்பிள்ளை வீட்டுல இருபது பவுனும் ஊர் விருந்தும் பேசியாச்சு ஹஜ்ரத். நான் என்ன முகத்தோட போய்ச் சொல்றது?" என்றார் அத்தா. அவர் கண் கலங்கிவிட்டது. மகனின் சோற்றை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் நமக்கும் சரியாக விளங்கிற்று. பெண் வீட்டாரிடம் பவுன் கேட்பது மார்க்கத்தில் இல்லாதது என்று எத்தனை ஜும்ஆவில் பேசியிருக்கிறோம்! அந்தப் பவுன் யாருடைய இரவுச் சாப்பாட்டிலிருந்து வருகிறது என்று ஒரு ஜும்ஆவிலும் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நாமும் அவருடன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். தாளையும் எடுத்துப் போனோம். மாப்பிள்ளையின் அத்தாவும் பதினெட்டு வருஷம் ஜித்தாவில் இருந்தவராம். தாளை வாங்கிப் பார்த்தார். 350 என்று எழுதிய இடத்தில் விரலை வைத்து, "இது பத்தாது. 400ன்னு போடுங்க" என்றார். பிறகு உள்ளே போய் மனைவியிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். பவுனைப் பற்றி இனிப் பேச்சில்லை என்றார். விருந்து வேண்டும் என்பதில் அந்த வீட்டுப் பெண்கள் உறுதியாக இருந்தார்கள். அதை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை.